வாசகர் கேள்வி–பதில்: நரம்பின் துடிப்பைப் பிடிக்கும் நுண்ஊசிகள்

நரம்பணுக்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் நுண்மின்முனைகள் பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கையால் செய்து பார்க்கிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் நீளம், மற்றவற்றுக்குச் சுருக்கம்.

நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டைபோல மண்டையில் ஒட்டினாலே மூளையின் மின்சாரம் கிடைக்கிறது. பிறகு எதற்கு உள்ளே ஊசி?
— பிளஸ் டூ மாணவர்

கல்யாண மண்டபத்துக்கு வெளியே நின்றால் உள்ளே கூட்டம் இருக்கிறது என்பது தெரியும்; பந்தியில் யார் ரசம் கேட்டார் என்பது தெரியாது. மண்டையில் ஒட்டும் பட்டை வெளியே நிற்கிறது. லட்சக்கணக்கான நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அதற்குச் சில பத்து மைக்ரோவோல்ட் கிடைக்கும்.

தனி நரம்பணு ஒன்று துடிக்கும்போது அதன் உட்புற மின்னழுத்தம் மைனஸ் 70 மில்லிவோல்ட் அருகிலிருந்து எழும்பி, ஏறக்குறைய 100 மில்லிவோல்ட் ஏறி இறங்கும். எல்லாம் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். அதே துடிப்பு செல்லுக்கு வெளியே, ஒட்டினாற்போல் இருக்கும் இடத்தில் 50 முதல் 500 மைக்ரோவோல்ட்தான். 100, 150 மைக்ரோமீட்டர் தள்ளிப் போனால் அதுவும் இரைச்சலில் கரைந்துவிடும். ஆகவே முனை அவ்வளவு பக்கத்தில் போயாக வேண்டும். போகிற வழியில் கேட்க வந்த செல்லையே கொன்றுவிடவும் கூடாது.

1939இல் உடலியங்கியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத்தில் செல்லின் உள்ளே இருந்தே பதிவுசெய்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தது கணவாயின் ராட்சத நரம்பிழை. அதன் விட்டம் அரை மில்லிமீட்டர் என்பதால் 0.1 மில்லிமீட்டர் கண்ணாடிக் குழாயையே உள்ளே விட முடிந்தது. பாலூட்டியின் நரம்பணு உடல் 10, 20 மைக்ரோமீட்டர்தான். அதன் உள்ளே போக, நுனி அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவான கண்ணாடிக் குழல் வேண்டும். 1949இல் லிங்கும் ஜெரார்டும் அதை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து கேட்டால் போதும் என்பவர்களுக்கு உலோக ஊசி.

எங்கள் துறையில் டங்ஸ்டன் மின்முனையை விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. நாங்களே செய்ய முடியுமா? இரண்டு முறை செய்து பார்த்தோம். ஒன்றில் நுனி அறுந்து விழுந்தது, இன்னொன்றில் சிக்னலே இல்லை.
— உடலியங்கியல் ஆய்வு மாணவி

முடியும். 1957இல் டேவிட் ஹூபெல் வெளியிட்ட முறையை வைத்துத்தான் இன்றும் பல ஆய்வகங்கள் செய்கின்றன. இந்த ஊசியோடுதான் அவரும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் பார்வையைக் கையாளும் புறணிக்குள் இறங்கினார்கள். 1981இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

வேண்டியவை: 125 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள, நேராக்கிய டங்ஸ்டன் கம்பி, கார்பன் தண்டு ஒன்று, 0 முதல் 6 வோல்ட் வரை ஏசி தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மர், அரிப்புத் திரவம். ஹூபெல் பயன்படுத்தியது நிறைசெறிவுள்ள பொட்டாசியம் நைட்ரைட். 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடும் வேலை செய்யும். 100 மில்லிலிட்டருக்கு 8 கிராம். தண்ணீரில் வில்லைகளைப் போடுங்கள், வில்லைகள்மீது தண்ணீரை ஊற்றாதீர்கள், கொதித்துத் தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் தொடவே வேண்டாம்.

கம்பியைத் திரவத்தில் சில மில்லிமீட்டர் அமிழ்த்தி, 5, 6 வோல்ட்டில் தொடங்குங்கள். உங்களுக்கு நுனி அறுந்து விழுந்ததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்: கம்பியை ஒரே ஆழத்தில் அசைக்காமல் விட்டிருப்பீர்கள். அப்படி விட்டால் திரவ மட்டத்தில் கழுத்துபோல மெலிந்து, கீழ்ப்பகுதி கழன்று விழும். சிறு மோட்டாரோ கையோ எதுவானாலும் சரி, கம்பி மேலும் கீழுமாகத் தொடர்ந்து முங்கி எழ வேண்டும். எவ்வளவு உயரம் முங்குகிறதோ அவ்வளவு நீளத்துக்குக் கூம்பு அமையும். கடைசிக் கட்டத்தில் வோல்ட்டேஜை 2க்குக் குறைத்துச் சில நொடிகள் மட்டும் தொட்டுத் தொட்டு எடுத்தால் முனை வழவழப்பாகும். தண்ணீரில் கழுவி 400 மடங்கு பெருக்கத்தில் பாருங்கள். நுனி மங்கலாகத் தெரியும் அளவுக்குக் கூராக இருந்தால் சரி. கொக்கிபோல வளைந்திருந்தால் மறுபடி அரியுங்கள். நேராக்க முயல வேண்டாம்.

அடுத்து காப்புப் பூச்சு. பேரிலீன் என்ற பிளாஸ்டிக் படலத்தைப் பூசும் இயந்திரம் பக்கத்தில் எங்காவது இருந்தால் 3 மைக்ரோமீட்டர் தடிமனில் பூசிக்கொள்ளலாம். இல்லையென்றால் எப்பாக்சி வார்னிஷ். கம்பியை வார்னிஷில் மெதுவாக முக்கி, அதைவிட மெதுவாக வெளியே எடுத்து, நுனி மேலே இருக்கும்படி நிறுத்தி, வார்னிஷ் டப்பாவில் போட்டிருக்கும் வெப்பநிலையில் சுட வேண்டும். இரண்டு முதல் நான்கு பூச்சு. கூரான நுனியிலிருந்து பரப்பு இழுவிசையே வார்னிஷைப் பின்னுக்கு இழுத்துவிடும். அதனால் முனை தானாகவே திறந்துகொள்ளும் அல்லது மிக மெல்லிய படலமாக நிற்கும். வார்னிஷ் பழையதாகிக் கெட்டியாகியிருந்தால் இந்த இழுப்பு நடக்காது, நுனியையும் சேர்த்து மூடிவிடும். உங்கள் இரண்டாவது ஊசியில் சிக்னல் இல்லாததற்கு எங்கள் சந்தேகம் அங்கேதான்.

சோதிப்பது எளிது. 0.9 சதவீத உப்புக்கரைசலில் (லிட்டருக்கு 9 கிராம்) ஊசியை இறக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, 3, 4 வோல்ட் டிசி கொடுங்கள். ஊசி நெகட்டிவ் பக்கம். நுனியிலிருந்து மட்டும் ஹைட்ரஜன் குமிழ்கள் சரம்போலக் கிளம்பினால் நல்ல ஊசி. தண்டின் நடுவிலிருந்து குமிழ் வந்தால் அங்கே காப்பில் ஓட்டை. எங்குமே வரவில்லையென்றால் நுனி மூடியிருக்கிறது. ஒன்றிரண்டு நொடிக்குமேல் வேண்டாம், குமிழே பூச்சைத் தூக்கிவிடும். முனைகளை மாற்றிக் கொடுத்துவிட்டால் டங்ஸ்டனே கரையத் தொடங்கும். நீங்கள் பாடுபட்டுக் கூராக்கிய நுனி உங்கள் கண்முன்னே மழுங்கும்.

இன்னொன்று: டங்ஸ்டனில் சாதாரண ஈயப்பற்று ஒட்டாது. ஒட்டியதுபோலத் தெரியும், கையில் எடுத்தால் கழன்றுவிடும். பின்பக்க நுனியின் வார்னிஷைச் சுரண்டி, பித்தளை அல்லது தங்கம் பூசிய இணைப்புப் பின்னுக்குள் (pin) விட்டு நெரித்துப் பிடிக்கச் செய்வதே நம்பகமானது.

மின்மறுப்பை ஏன் 1 கிலோ ஹெர்ட்ஸில் அளக்கிறார்கள்? மல்டிமீட்டர் போதாதா?
— உயிர்மருத்துவப் பொறியியல் மாணவர்

மின்மறுப்பு என்பது ஏசி மின்னோட்டத்துக்கு முனை காட்டும் எதிர்ப்பு. மல்டிமீட்டரைத் தயவுசெய்து அதன் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். அது டிசி மின்னோட்டத்தைச் செலுத்தி அளக்கிறது. இத்தனை சிறிய நுனிக்கு அதுவே பெரிய அடி. நுனி அரிக்கும், அல்லது அதில் படிவு ஏறும். எண்ணும் தப்பாகவே வரும். ஏனென்றால் உலோகமும் உப்புநீரும் சந்திக்கும் இடம் மின்தடையைவிட மின்தேக்கிபோலத்தான் நடந்துகொள்கிறது. அதிர்வெண்ணைச் சொல்லாமல் அதன் மதிப்பைச் சொல்வதில் அர்த்தமில்லை. ஒரு துடிப்பு ஒரு மில்லிசெகண்ட் நீளம். அதன் ஆற்றலில் பெரும்பங்கு 1 கிலோ ஹெர்ட்ஸ் அக்கம்பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் அந்த எண்.

உலோக ஊசிக்கு அரை முதல் 2 மெகா ஓம் வரை நல்லது. 5 மெகா ஓமுக்குமேல் போனால் நுனி மூடியிருக்கலாம். 200 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கினால் நுனி மடங்கியிருக்கிறது அல்லது காப்பு போய்விட்டது. அந்த ஊசிக்குப் பல செல்களின் கூட்டு இரைச்சல் கேட்கும், தனிக்குரல் கேட்காது.

மின்மறுப்பு கூடினால் இரண்டு செலவு. முதலாவது வெப்ப இரைச்சல். 1 மெகா ஓம் மின்தடை, 10 கிலோ ஹெர்ட்ஸ் அகலத்தில், ஒன்றும் செய்யாமலே சுமார் 13 மைக்ரோவோல்ட் இரைச்சல் போடும். 60 மைக்ரோவோல்ட் துடிப்பைத் தேடுகிறவருக்கு 13 என்பது சின்ன விஷயமில்லை. இரண்டாவது கேபிள். கோஆக்ஸ் கேபிள் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 100 பிகோஃபேரட். 1 கிலோ ஹெர்ட்ஸில் அது 1.6 மெகா ஓமுக்குச் சமம். 1 மெகா ஓம் ஊசியை ஒரு மீட்டர் கேபிளில் மாட்டினால் சிக்னலில் 40 சதவீதம் வரை கேபிளிலேயே தொலைந்துவிடும். முதல் கட்ட ஆம்ப்ளிஃபையரான ஹெட்ஸ்டேஜை விலங்கின் தலைக்கு மேலேயே வைப்பது இதற்காகத்தான். எங்களுக்கு வரும் "ஆம்ப்ளிஃபையர் சரியில்லை" என்ற புகார்களைத் தோண்டினால் அடியில் கிடப்பது பெரும்பாலும் நீளக் கேபிளோ கெட்ட நுனியோதான்.

எதைச் செய்தாலும் 50 ஹெர்ட்ஸ் ஹம் போகமாட்டேன் என்கிறது. நாட்ச் ஃபில்டர் போட்டுவிடலாமா?
— ஆய்வக உதவியாளர்

கடைசியில் போடுங்கள், முதலில் போடாதீர்கள். ஹம் என்பது சுவர்க் கரண்டிலிருந்து கசியும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்; அந்த ஒரு அதிர்வெண்ணை வெட்டப் போடுவது நாட்ச் ஃபில்டர். ஆனால் அது 50ஐ மட்டும் வெட்டுவதில்லை. அதன் அக்கம்பக்கத்தையும் குழப்பி, கூரான அலைகளுக்குப் பின்னால் இல்லாத வால் ஒன்றை ஒட்டிவிடும்.

முதலில் ஊசியைக் கழற்றிவிட்டு, ஹெட்ஸ்டேஜின் உள்ளீட்டையும் ரெஃபரன்ஸையும் (ஒப்பிட வைக்கும் இரண்டாவது முனை) ஒரு சிறு கம்பியால் சேர்த்துவிடுங்கள். ஹம் நின்றதா? அப்படியானால் பிரச்சினை ஊசிப் பக்கம். நிற்கவில்லையா? கிரவுண்டிலோ மின்வழங்கியிலோ இருக்கிறது. பிறகு விலங்குக்குப் போகாமல், ஒரு கிண்ணம் உப்புக்கரைசலில் ஊசியையும் ரெஃபரன்ஸையும் போட்டுப் பாருங்கள். கிண்ணத்தில் சுத்தமாக இருந்து விலங்கில் மட்டும் ஹம் வந்தால் ரெஃபரன்ஸ் கம்பி சரியாகத் தொடவில்லை, அல்லது விலங்கின் அடியில் இருக்கும் சூட்டுப் பட்டையிலிருந்து வருகிறது.

ரெஃபரன்ஸாக வெறும் வெள்ளிக் கம்பியைப் போட்டிருந்தால் அதற்கு குளோரைடு ஏற்றுங்கள். கம்பியை எமரித் தாளால் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, துணிக்குப் போடும் திரவ பிளீச்சில் 15, 20 நிமிடம் ஊற வைத்தால் ஊதா கலந்த கரும்சாம்பல் நிறம் வரும். நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள். நிறம் திட்டுத்திட்டாக வந்தால் கம்பியில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கிறது, மறுபடி தேயுங்கள்.

அடுத்து கிரவுண்ட். மேசை, கூண்டு, நுண்ணோக்கி, ஊசியை நுண்ணளவில் நகர்த்தும் மைக்ரோமானிப்புலேட்டர் என்று எல்லாம் ஒரே ஒரு புள்ளியில் சேர வேண்டும். ஒவ்வொன்றும் தன் பிளக் வழியாகத் தனியே எர்த்துக்குப் போய், மேசையில் மறுபடி சந்தித்தால் ஒரு வளையம் உண்டாகும்; அந்த வளையம்தான் ஹம்மின் வீடு. சுவரில் மூன்று துளை இருப்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே எவ்வளவு ஏசி வோல்ட் இருக்கிறது என்று எலெக்ட்ரீஷியனை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றிரண்டு வோல்ட்டுக்கு மேல் நின்றால் முதலில் கட்டடத்தைச் சரிசெய்யுங்கள்.

நம் ஊர்களில் இன்னொரு ஆசாமி இருக்கிறார்: சதுர அலை தரும் இன்வெர்ட்டர். கரண்ட் போனதும் அது 50 ஹெர்ட்ஸோடு 150, 250, 350, 450 என்று ஒற்றைப்படை மடங்குகளையும் கொட்டும். துடிப்புகளைத் தேடும் பட்டை 300 முதல் 6000 ஹெர்ட்ஸ். அதாவது 350க்கு மேல் வருவதெல்லாம் நேராக உங்கள் பதிவுக்குள் விழும். 50க்குப் போட்ட நாட்ச் ஃபில்டர் வேடிக்கை பார்க்கும். சைன் அலை யுபிஎஸ், அல்லது ஹெட்ஸ்டேஜுக்குப் பேட்டரி. எல்இடி விளக்கின் டிரைவர், செல்போன் சார்ஜர் இரண்டையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

டெட்ரோடில் நான்கு கம்பி எதற்கு?
— வாசகி

ஊசிக்கு ஒரே முனை என்றால், ஒரே உயரமுள்ள துடிப்பைத் தரும் இரண்டு செல்களைப் பிரித்துச் சொல்ல வழியில்லை. நான்கு முனைகள் அருகருகே இருந்தால் ஒரு செல் முதல் முனைக்குக் கிட்ட, இன்னொன்று மூன்றாவதற்குக் கிட்ட என்று உயரங்களின் விகிதம் மாறும். அந்த விகிதம்தான் செல்லின் கையெழுத்து.

செய்முறை: 12.5 மைக்ரோமீட்டர் நிக்ரோம் கம்பியை இரண்டாக மடித்து, மறுபடி மடித்து, நான்கு இழையாக்கித் தொங்கவிட்டு, அடியில் கிளிப் மாட்டி, ஒரு பக்கம் 80 சுற்று முறுக்கி, எதிர்ப்பக்கம் சுமார் 20 சுற்று தளர்த்த வேண்டும். பிறகு வெப்பக் காற்றுத் துப்பாக்கியால் மேலும் கீழும் சில நொடிகள் காட்டினால் கம்பிமேல் உள்ள ஒட்டுப்பூச்சு உருகி இழைகள் ஒன்றாகும். அதிக நேரம் காட்டினால் காப்பும் உருகி இரண்டு இழைகள் ஷார்ட் ஆகும். நல்ல கத்தரியால் ஒரே வெட்டு. வெட்டிய முனை 2, 3 மெகா ஓம் காட்டும். தங்கம் பூசி 200 முதல் 350 கிலோ ஓமுக்குக் கொண்டுவர வேண்டும். பூசும்போது இரண்டு சேனல்களின் மின்மறுப்பு ஒன்றாகச் சட்டென்று சரிந்தால் தங்கம் நடுவே பாலம் போட்டுவிட்டது. துருவத்தை மாற்றி ஒரு சிறு துடிப்புக் கொடுத்தால் பல நேரம் பாலம் உடையும்.

நியூரோபிக்சல்ஸ் வாங்கியிருக்கிறோம். எப்படி உடையாமல் காப்பாற்றுவது? எவ்வளவு ஹார்ட் டிஸ்க் வேண்டும்?
— ஆராய்ச்சி மாணவர்

முதலில் டிஸ்க். நியூரோபிக்சல்ஸ் என்பது ஒரே சிலிக்கான் தண்டில் நூற்றுக்கணக்கான முனைகள் கொண்ட ஊசி. அதன் 1.0 வகையில் 10 மில்லிமீட்டர் நீளத் தண்டில் 960 முனைகள். ஒரே நேரத்தில் 384. நொடிக்கு 30,000 மாதிரி. கருவி 10 பிட்டில் எண்ணாக்கினாலும் கணினியில் 16 பிட்டாகத்தான் சேமிப்பார்கள். 384 × 30,000 × 2 பைட், நொடிக்கு 23 எம்பி. ஒரு மணி நேரத்துக்கு 83 ஜிபி. ஒரு ஊசிக்கு இது. கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

தண்டு 70 மைக்ரோமீட்டர் அகலம், 24 மைக்ரோமீட்டர் தடிமன். நேராக இறங்கும்வரை தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் போச்சு. உடைவதில் பெரும்பங்கு மூளைக்குள் நடப்பதில்லை. மண்டை ஓட்டுத் துளையின் விளிம்பில் இடித்தோ, மூளையை மூடியிருக்கும் டியூரா உறையை எடுக்காமல் குத்தியோ நடக்கிறது. மேற்பரப்பைத் தொட்டதும் தண்டு வில்லாக வளைந்தால் நிறுத்தி மேலே எடுங்கள். "இன்னும் கொஞ்சம் தள்ளினால் போய்விடும்" என்று நினைக்கிற இடத்தில்தான் உடையும். நிமிடத்துக்கு 200 மைக்ரோமீட்டர் வேகம் போதும். 4 மில்லிமீட்டருக்கு 20 நிமிடம். இறங்கியபின் இன்னொரு கால் மணி நேரம் சும்மா விடுங்கள். அமுங்கிய திசு மெல்ல எழும்பும். அதற்குள் பதிவைத் தொடங்கினால் செல்கள் சேனல் விட்டுச் சேனல் நகர்ந்துகொண்டே இருக்கும். துளையில் உப்புநீர் காய்ந்தால் ரெஃபரன்ஸ் அறுந்து எல்லாச் சேனலும் ஒன்றாக மேலே போய் ஒட்டிக்கொள்ளும்; பயப்பட வேண்டாம், ஒரு சொட்டு விடுங்கள்.

வெளியே எடுத்ததும் காயவிடாமல் தண்ணீரில் முக்குங்கள். பிறகு 1 சதவீத டெர்கசைம் என்ற நொதிச் சலவைக் கரைசலில் சில மணி நேரம், கடைசியில் வடிநீர். பஞ்சு, டிஷ்யூ எதுவும் படக்கூடாது. லேசர் அடித்து நரம்பணுவைத் தூண்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சிலிக்கான் ஒளிக்கு மின்னழுத்தம் தரும். லேசர் எரியும் நொடியிலும் அணையும் நொடியிலும் தெரியும் பெரிய துடிப்பு செல்லினுடையதாக இருக்க வேண்டியதில்லை.

ஒன்றை மெல்ல இறக்கச் சொல்கிறார்கள், யூட்டா அடுக்கை மட்டும் சுத்தியல்போல அடித்து இறக்குகிறார்களாமே? மனித மூளையில் எத்தனை நாள் தாங்கும்?
— மருத்துவர்

யூட்டா அடுக்கு என்பது 4 மில்லிமீட்டர் சதுரத்தில் 100 ஊசிகள், 400 மைக்ரோமீட்டர் இடைவெளி. மெல்ல அழுத்தினால் ஊசிப்படுக்கைமேல் சாமியார் படுத்ததுபோல எடை பகிர்ந்துபோய், எதுவும் குத்தாமல் மூளைப் பரப்பே குழிந்துவிடும். ரூஷும் நார்மனும் 1992இல் நொடிக்கு 8.3 மீட்டருக்குமேல் வேகம் வேண்டும் என்று காட்டினார்கள். அதனால் காற்றழுத்தக் கருவி. ஒற்றைத் தண்டுக்கு இந்தத் தொல்லையில்லை.

ஆயுளைப் பொறுத்தவரை, பிரெயின்கேட் என்ற மூளை–கணினி இணைப்பு ஆய்வில் ஒருவருக்கு வைத்த யூட்டா அடுக்கு 1000 நாளுக்குப் பிறகும் கர்சரை நகர்த்தும் அளவுக்குச் சிக்னல் தந்ததை 2011இல் வெளியிட்டார்கள். ஆனால் காலப்போக்கில் தனித் துடிப்புகள் குறையும். மூளையைவிட சிலிக்கான் கோடிக்கணக்கான மடங்கு விறைப்பு. மூச்சு விடும்போதெல்லாம் மூளை சில மைக்ரோமீட்டர் அசைகிறது, ஊசி அசைவதில்லை. உரசும் இடத்தில் நரம்பணுக்களுக்குத் துணையான கிளியா செல்கள் உறை கட்டி நரம்பணுவைத் தள்ளிவைக்கின்றன. அதற்கு மாற்றாக வந்தவை நெகிழும் இழைகள். அவற்றுக்கு வேறு சிக்கல்: 2024இல் மூளை–கணினி இணைப்பு நிறுவனமான நியூராலிங்க் முதல் மனிதருக்கு வைத்த 64 இழைகளில் சில, மூளையிலிருந்து பின்வாங்கிவிட்டதாக அந்நிறுவனமே சொன்னது.

பள்ளியில் மாணவர்களுக்கு ஒரு நரம்புத் துடிப்பையாவது கேட்க வைக்க வழி உண்டா?
— உயிரியல் ஆசிரியர்

உண்டு, நுண்மின்முனையே வேண்டாம். கரப்பான்பூச்சியின் பின்னங்காலும் இரண்டு மெல்லிய குண்டூசிகளும் போதும். பூச்சியை ஐஸ் தண்ணீரில் அசைவு நிற்கும்வரை சில நிமிடம் வைத்து, பின்னங்கால் ஒன்றை அடியோடு வெட்டி எடுங்கள். தக்கைமேல் வைத்து, அடித்துண்டில் ஒரு ஊசி, தடித்த தொடையில் ஒரு ஊசி. இரண்டையும் 9 வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறு ஆம்ப்ளிஃபையரில் கொடுத்து ஒலிபெருக்கியில் கேளுங்கள். சுவர் பிளக்கில் ஓடும் ஆம்ப்ளிஃபையர் என்றால் ஹம் மட்டும்தான் கேட்கும். காலின் முள்மயிர்களை ஈர்க்குச்சியால் வருடினாலோ, ஊதினாலோ "படபட"வென்று பொரியும் சத்தம் வரும். அந்த ஒவ்வொரு பொரிவும் ஒரு துடிப்பு. வெட்டிய முனையில் வாசலின் தடவினால் கால் சீக்கிரம் காயாது. இளம்பூச்சியாக இருந்தால் தோலுரிக்கும்போது புதுக்கால் முளைத்துவிடும் என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். முதலில் அதைத்தான் கேட்பார்கள்.